ஆயுத பூஜைக்கு அணைத்த குளிர்பெட்டி

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலை. பக்கத்து அறை வெடித்த அன்றைக்கு நான் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன். அதற்கப்புறம் வெடிமருந்தைத் தொட்டாலே கை நடுங்கும். சொந்தக்காரர் ஒருவர் யார் யாரையோ பார்த்து, விருதுநகர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்த்துவிட்டார். நிரந்தர வேலை இல்லை. ஏதாவது தப்பு நடந்தால் மறுபடி ஆலைதான் என்பது காலையில் பல் தேய்க்கும்போதே நினைவுக்கு வந்துவிடும்.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண் என்னைவிட இளையவள். பட்டாசுப் புகையைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். செல்லுக்கு வெளியே நடப்பதை உள்ளே போய்ச் சொல்கிற புரதமாம். அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி, ஐஸ் நிரப்பிய பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. சுண்டுவிரல் அளவுக்கு ஒரே ஒரு குப்பி. எலியின் புரதங்களை மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றில் ஏற்றுவாள். ஆன்டிபாடி கண்ட இடத்திலும் ஒட்டாமலிருக்க அந்தத் தாளைப் பால்பவுடர் கரைசலில் ஊறப்போட்டு, பிறகுதான் ஆன்டிபாடியை விடுவாள். கடைசியில் இருட்டறையில் ஃபிலிம் மேல் கறுப்பாக ஒரு கோடு விழ வேண்டும். பால் கரைக்கிற நாளெல்லாம் வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “டீத்தூள் எங்கன வச்சிருக்கீக?” என்பார்.

குப்பி எந்நேரமும் உறைகுளிரில் இருக்க வேண்டும், கரண்ட் போனால் பெட்டியைத் திறக்கவே கூடாது என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மின்வெட்டுக்கும் ஓடிப்போய்ப் பெட்டிக் கதவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். துறைத்தலைவர் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

ஆயுத பூஜை வந்தது. அவள் ஊருக்குப் போயிருந்தாள். மைக்ரோஸ்கோப்பிலிருந்து குளிர்பெட்டி வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். கல்லூரிச் செயலாளர் வந்தார். சிவகாசியில் அச்சகம் நடத்துகிற குடும்பம். சூடம் காட்டி முடித்ததும் துறைத்தலைவரிடம் கேட்டார்.

“என்ன சார், பெட்டி உறுமிக்கிட்டே இருக்கு? எங்க பிரஸ்ல எம்புட்டு ஆர்டர் நின்னாலும் இன்னைக்கு மெஷின் ஓடாது. மெயினை இறக்கச் சொல்லுங்க.”

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார்.

“சார், உள்ள அந்த மேடத்தோட ஆன்டிபாடி இருக்கு” என்றேன்.

“ஒண்ணும் ஆகாதும்மா. நீங்க எதுக்கெடுத்தாலும் பயந்துக்கிட்டு. இறக்குங்க” என்றார் துறைத்தலைவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குத் தெரியாத விஷயமா அது? செயலாளர் முன்னால் மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. என் பயம் அவருக்கு வசதியாகப் போயிற்று. இறக்கினேன். அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாமென்றால் போன் நம்பர் துறைத்தலைவரிடம்தான் இருந்தது. பூஜை முடிந்ததும் கூடத்தைப் பூட்டிச் சாவியையும் அவரே எடுத்துப் போய்விட்டார். மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்து ஞாயிறு.

திங்களன்று பெட்டிக்கடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். பாலைக் கரைத்து எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். ஃபிலிம் வெறுமையாக வந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் வெறுமை.

புதுக் குப்பி வாங்க வேண்டுமென்றால் பழையது எப்படிக் கெட்டது என்று செயலாளர் கேட்டார். ஆய்வுக்கூடத்து ஆள் கேட்காமல் மெயினை இறக்கிவிட்டதாகத் துறைத்தலைவர் சொன்னார். தான் சொன்னதைச் செயலாளர் மறந்திருந்தார், அல்லது மறந்ததுபோல இருந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளுடைய ஆய்வில் கையெழுத்துப் போட வேண்டியவர் துறைத்தலைவர். அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். மறுபடி சேர்ந்திருந்த ஆலையில் வேலை முடிந்து நின்றிருந்தேன், முழங்கை வரை அலுமினியப் பவுடர். புதுக் குப்பி வந்துவிட்டதாம், கோடு தெளிவாக விழுந்துவிட்டதாம். “உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சுக்கா” என்றாள்.

“மெயினை யார் இறக்கச் சொன்னதுன்னு செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க மேடம். என்னைத் திரும்ப எடுத்துக்கிடுவாக” என்றேன்.

“வைவா முடியட்டும்கா.”

வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வும் முடிந்தது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று வாட்ச்மேன்தான் சொன்னார். நான் மருந்து கலக்கும் அறையில் இருக்கிறேன். இங்கே என் நடுக்கத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.