கரையில் ஒரு மஞ்சள் போர்வை

உப்பேறிய துணியைச் சலவையக்கா எடுத்தவுடன் சோப்பில் போட மாட்டாள். வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடியும் அலசுவாள். உப்பு போகாத துணியில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் சோப்பைப் போட்டால் கைதான் வெந்துபோகும். படகுத்துறைக்கு மேலே, வீட்டை ஒட்டிய சிமெண்டுத் தளத்தில் பல வருடங்களாக இதுதான் அவள் வேலை. சின்னப் பாய்மரப் படகுகளில் ஊர் ஊராகப் போகிறவர்கள் இங்கே நங்கூரம் போட்டுவிட்டு, அழுக்கு மூட்டையோடு படியேறி வருவார்கள். சலவையக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவாள்.

துறையில் படகுகளுக்குத் தண்ணீரும் டீசலும் நிரப்புகிறவர் அவள் கணவர். எங்கே நிறுத்தினால் நல்லது என்று வருகிறவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் கையை நீட்டி ஒரு பிரசங்கமே செய்வார். மேற்கே இருக்கிற மேடு காற்றைத் தடுக்கும். அதன் அடியில் சேறு, நங்கூரம் கவ்விக்கொள்ளும். வெள்ளைப் பாறைப் பக்கம் பார்க்க அழகு, ஆனால் கீழே வெறும் பாசி. காற்று திரும்பினால் படகு ஊர்வலம் கிளம்பிவிடும். கயிற்றைத் தாராளமாக விடுங்கள், சுற்றி வர இடம் விடுங்கள்.

சலவையக்காவின் எண்ணம் வேறு. சேறும் ஆழமும் படகுக்கு. ஆளுக்கு வேண்டியது பயமில்லாத தூக்கம். புதிதாக வந்தவர்கள் அவளிடம் மூட்டையைக் கொடுக்கும்போதே கடலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி. அந்தத் திரும்பிப் பார்ப்பதை என்றைக்கு விடுகிறார்களோ அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது அவள் கணக்கு.

அவளுடைய அண்ணன் மட்டும் அந்தக் கணக்கில் எந்த வருடமும் வந்து சேர்ந்ததில்லை. லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். அண்ணி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, ஒற்றை ஆள் படுக்கிற அளவில் ஒரு படகு வாங்கிக்கொண்டார். வருடத்துக்கு ஒரு தடவை வந்து சில நாள் நிற்பார். சாப்பாடு தங்கை வீட்டில், படுக்கை படகில். பின்னறை காலியாகத்தானே கிடக்கிறது என்றால், "படகு தனியா இருக்கும்மா" என்பார்.

"கைக்குழந்தைய விட்டுட்டு வந்த மாதிரி பேசுறீங்களே மச்சான்" என்று கணவர் கேலி செய்வார்.

இந்த வருடமும் வந்தார். வந்த மறுநாள் மத்தியானம், கொடியின் ஒரு கோடியில் நிழல் விழுந்ததால், முந்தின நாளிலிருந்து காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் போர்வையை உருவி மறுகோடியில் போட்டாள் சலவையக்கா. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே களேபரம். அண்ணன் இன்ஜினை முடுக்கி, நங்கூரத்தை இழுத்து, பக்கத்துப் படகுக்காரர் கம்பை ஊன்றித் தள்ளிவிடத் தள்ளிவிட, வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வியர்க்க வியர்க்கப் படியேறி வந்தார்.

"என்ன மச்சான், உச்சி வெயில்ல உடற்பயிற்சியா?" என்றார் கணவர்.

"நங்கூரம் வழுக்கிடுச்சு. நல்லவேளை, பாத்துட்டேன்."

"இந்தச் சேத்துலயா? காத்தே இல்லியே!"

"குறி ரெண்டும் விலகிப்போச்சுங்கறேன்."

நங்கூரம் போட்டவர்கள் கரையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற இரண்டு பொருளைக் குறியாக வைத்துக்கொள்வார்கள். இரண்டும் நேர்க்கோட்டில் இருக்கிறவரை படகு நின்ற இடத்தில் நிற்கிறது. விலகினால் படகு நகர்கிறது.

"எதெது குறி?"

"படிக்கட்டு விளக்குக் கம்பம். அதுக்குப் பின்னால மஞ்சளா ஒண்ணு."

கணவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ மச்சான், அது போர்வை! உங்க தங்கச்சி அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு மாத்திப் போட்டா. போர்வை நகந்ததுக்கா படக ஓட்டினீங்க?"

அண்ணனும் சிரித்தார். "நல்ல தங்கச்சி வாச்சா. கரையவே நகத்திட்டாளே."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அண்ணனின் சட்டையைப் பிழிந்தவளுக்குப் பாதியில் கை நின்றது. மேய்கிற மாட்டைக் குறியாக வைத்த ஒருவனைப் பற்றி வருடா வருடம் சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கிறவர் இவர்தான். அசைகிற எதையும் நம்பக் கூடாது என்கிறவர். கம்பத்துக்கு நேர் பின்னால் மாடியில் கறுப்பாய் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்கும் பின்னால் செல்போன் கோபுரம். அதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் போர்வையைப் பிடித்தார்?

கையிலிருந்த சட்டையை விரித்துப் பார்த்தாள். மார்பில் பழைய டீக்கறை, பக்கத்தில் கிரீஸ். பட்டறையில் வேலை பார்த்த காலத்திலேயே பொட்டுக் கறையோடு வெளியே போகாத மனிதர். காலையில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததற்கு அவளே கேலி செய்திருந்தாள்.

சாயங்காலம் துணியை வாங்கிப் போக வந்தார். முன்னறையில் உட்கார்ந்து மூட்டையைக் கட்டிக்கொண்டே, "காலைல கிளம்பறேம்மா" என்றார். அடுத்த துறையின் வாசலில் தண்ணீருக்கு மேலே லேசாகத் தலைகாட்டும் பாறைகள் உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

"பின்னறைய ஒழிச்சு வச்சிருக்கேண்ணா. இருந்துடுங்களேன்."

"அப்புறம் பாப்போம்."

"கண் டாக்டர்கிட்டயாவது போயிட்டு வருவோம். நானும் கூட வர்றேன்."

"எனக்கென்ன, கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அவள் எழுந்துபோய் ஜன்னல் திரையை முழுதாக விலக்கினாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கீழே துறை.

"அங்க நிக்கறது யாருண்ணா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "உம் புருஷன். வேற யாரு நிப்பா?"

"கையில என்ன வச்சிருக்கார்?"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைச் சுருக்கினார், தலையைச் சற்றுச் சாய்த்தார். பிறகு குனிந்து, கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அண்ணா, கேக்கறேன்ல. கையில என்ன?"

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அறையை விட்டு வெளியே போனார்.