காலி இடம் அல்ல அந்தச் சரிவு

அக்காவின் நினைவாக வரும் இம்மலரின் பின்னட்டையில் ‘நினைவு வனம், இரண்டாம் கட்டம்’ என்றோர் அழைப்பு வருவதாக இருந்தது. பாணேர்க் குன்றுச் சரிவில், அக்காவின் முதலாண்டு நினைவு நாளன்று, உறவினரும் நண்பரும் ஆளுக்கொரு மரக்கன்று நடுவதாக ஏற்பாடு. அதை அச்சேற விடாமல் நிறுத்தியவள் நான். சிலருக்கு வருத்தம் என்று அறிந்தேன். அந்த வருத்தத்தோடேயே இதைப் படியுங்கள். நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மராத்திய மண்ணில், கட்கியில். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, வெடிமருந்துத் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய தந்தைக்கு மூத்த மகள். திருமணமாகிப் பக்கத்துச் சாங்விக்குச் சென்றார். மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அத்தான் காலமானார். அதன்பின் அரசுக் கணக்கு அலுவலக வேலை, வீடு, மகனின் படிப்பு என்று அக்காவின் ஆண்டுகள் ஓடின. எவரிடமும் இரக்கத்தை எதிர்பாராதவர். யாரேனும் காட்டினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

மகன் கல்லூரிக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று மண்ணுக்குரிய செடிகளை இனம்காணும் நடை ஒன்றில் கலந்துகொண்டார். அதை நடத்தியவர் ஊர் மாறிப் போனபோது, குழுவினர் அக்காவையே நடத்தச் சொன்னார்கள். அன்று தொடங்கி, நோய் கிடத்தும் வரை, பருவத்துக்குப் பருவம் அதே சரிவுக்கு மக்களை அழைத்துச் சென்றார். மழை பிடித்ததும் ஒரு நடை. மழை முடியும் முன் மஞ்சள் சோன்கிப் பூக்களுக்காக ஒரு நடை. பனிக்காலத்தில் புல்விதைகளுக்காக ஒன்று. இலையுதிர்த்த கல்யாண முருங்கை சிவக்கும்போது ஒன்று. செடியின் பெயரை அக்கா உடனே சொல்லமாட்டார். எல்லாரும் முதலில் முழந்தாளிட்டு, இலையையும் தண்டையும் பார்த்து, கண்டதைச் சொல்ல வேண்டும். ‘முட்டிக் கோஷ்டி’ என்று குழுவினர் தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

உறவினரின் பரிகாசத்துக்கும் குறைவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் பெரியப்பா மகன் கேட்டார்: “என்னாம்மா, இந்த ஞாயித்துக்கெழமையும் புல்லு புடுங்கப் போறியா?”

“புடுங்க மாட்டோம்ணா, பாக்கத்தான் போறோம். நீயும் வாயேன், அப்பிடியே மேஞ்சிட்டு வரலாம்” என்றார் அக்கா. பந்தியே சிரித்தது, அண்ணனும் சிரித்தார்.

ஐந்தாவதாக ஒரு நடையும் உண்டு. அது மே மாதத்தில். அதற்கு வருவோர் மிகச் சிலர். சரிவு அப்போது பொசுங்கிய புல்லும் கல்லுமாகக் கிடக்கும். அக்கா அங்கே கொண்டுபோய் நிறுத்தி, “இப்போ இங்க என்ன இருக்கு?” என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று யாரேனும் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்காகவே அந்த நடை. மராத்தியர் கந்தீல் பூ என்று அழைக்கும் செடியின் கிழங்கு அந்த மண்ணுக்குள் உறங்குகிறது. மழை விழுந்தால் ஈர்க்கு போன்ற தண்டு எழும். அதில் விரல் நீளத்தில் ஒரு கூண்டு விளக்கைப் போலப் பூ நிற்கும். மண்வெட்டி பட்டால் கிழங்கு போயிற்று, பூவும் போயிற்று.

அச்சரிவின் கீழேதான் அக்காவின் மகன் குடியிருக்கும் அடுக்ககம். அதன் பசுமைக் குழுத் தலைவர் கோவைக்காரர். அக்கா நலமாயிருந்த நாளிலேயே அங்கே மரம் வைக்கும் திட்டத்தோடு வந்தார். நானும் உடனிருந்தேன்.

“வெறும் புல்லுங்க மேடம். எடம் சும்மா காலியாக் கெடக்குதுங்க.”

“காலி இல்லைங்க சார். ஜூலையில ஒரு நாள் வாங்க, காட்டறேன்.”

“ஜூலையில ஒரே சகதிங்களே. ஷூ வீணாப் போயிருமுங்க.”

“அப்ப செருப்பில்லாம வாங்க” என்றார் அக்கா. அவர் வரவில்லை. அழைத்த எந்த ஆண்டிலும் வரவில்லை.

பனிக்கால நடை முடிந்து திரும்பிய வாரத்தில் அக்காவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. மே பிறந்த வாரத்தில் அவர் போய்விட்டார். பதின்மூன்றாம் நாள் சடங்கு முடிந்த கூடத்தில், இலை எடுத்த கையோடு, அந்தத் தலைவர் எழுந்து, அம்மையார் செடிகொடிகளை நேசித்தவர், எனவே அவர் நின்ற சரிவிலேயே அவர் பெயரில் ஒரு வனம் அமைப்போம் என்றார். எல்லாரும் கண்ணீரோடு தலையசைத்தார்கள். நான் எழுந்து, அது கூடாது என்று அக்காவே சொன்னதைச் சொன்னேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று என்னை உட்கார வைத்தார்கள். அந்த மே முடிவதற்குள் குழிகள் வெட்டினார்கள். எங்கிருந்தோ வந்த, ஆடுகூடக் கடிக்காத, வேகமாக வளரும் அயல் மரங்களை நட்டு, அக்காவின் படத்தோடு ஒரு பலகையும் வைத்தார்கள். உயிரோடிருந்தபோது அவர் தடுத்ததை, இறந்த பிறகு அவர் பெயராலேயே செய்தார்கள். இதை அன்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. அன்பு என்றால், ஓராண்டேனும் அவரோடு அங்கே முழந்தாளிட்டிருப்பார்கள்.

அக்காவின் மகனிடமும் சண்டையிட்டேன்.

“எல்லாரும் ஆசையாத்தானே செஞ்சாங்க சித்தி? அம்மா பேர்ல மரம், அதுல என்ன தப்பு?”

“மழை பிடிக்கட்டும், என்னோட வா. அப்புறம் பேசு.”

ஆவணியில் வந்தான். குழி வெட்டிய பகுதியில் கன்றுகளும் களையும் மட்டுமே இருந்தன. வெட்டாத மேல்பகுதிக்கு ஏறினோம். புல்லுக்குள் ஒரு கந்தீல் நின்றது. அவன் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தான். “இதக் காட்டத்தான் எத்தனை ஞாயித்துக்கெழமை கூப்பிட்டாங்க” என்றான். இறங்கும்போது பலகையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டான். இரண்டாம் கட்டம் என்பது அந்த மேல்பகுதிதான். எஞ்சியிருப்பதும் அது ஒன்றே.

அக்காவுக்கு மருத்துவம் செய்தவர்களுக்கும், பணிவிடை செய்த செவிலியர்க்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மாலைதோறும் படுக்கையருகே அமர்ந்து, சரிவில் அன்று என்ன பூத்தது என்று சொல்லிச் சென்ற சாங்வி அண்டை வீட்டு மராத்திய அம்மாளுக்கு, எங்கள் எல்லாருக்கும் மாவ்ஷியான, அதாவது சின்னம்மாவான அவருக்கு, என் வணக்கம். பந்தியில் கேலி செய்த பெரியப்பா மகன், முழங்கால் வலியோடு வந்து, இரண்டாம் கட்டம் வேண்டாம் என்ற மனுவில் முதல் கையெழுத்திட்டார், அவருக்கும் நன்றி. குழி வெட்டியவர்களுக்கு இம்மலரில் நன்றி கூறச் சொன்னார்கள். என்னால் இயலாது.

நினைவு நாள் மே மாதத்தில் வருகிறது. அன்று காலை, வெயில் ஏறுமுன், சரிவின் மேல்பகுதியில் இருப்பேன். மண்வெட்டியும் கன்றும் கொண்டுவர வேண்டாம். பசுமைக் குழுத் தலைவரையும் அழைத்திருக்கிறேன். சகதி இராது, ஷூவோடே வரலாம். அங்கே பார்க்க ஒன்றும் இராது. அதைப் பார்க்கத்தான் அக்கா ஆண்டுதோறும் அழைத்தார். காலடியைப் பார்த்து வையுங்கள்.