படத்தில் கப்பல் ஏறிய குடும்பம்

தகரக் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்க, காலடியில் கச்சான் கடலைக் கோதுகள் நொறுங்க, பீடிப்புகை மூக்கை அடைக்க, திருகோணமலைக் கொட்டகையொன்றின் வாங்கில் அப்பா, அம்மா, இரண்டு அக்காமார், நான் என ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் கதை. திரையிலும் ஐந்து பேர்தான். எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அப்போதே எனக்கு வந்துவிட்டது.

எங்களுடையதும் அப்படி வந்த குடும்பம்தான். துறைமுக வேலைக்கு இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த அப்பா, வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். ஆனால் படத்துக் குடும்பம் எங்களைப் போல இல்லை. இங்கே இருந்த காலமெல்லாம் அழுதுகொண்டேயிருந்தார்கள். கடைசியில் அந்தத் தாய் சட்டி பானைகளை அயலாருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு கப்பல் ஏறினாள். 'கலரி'யில் விசில் பறந்தது. அப்பா சிரிக்கவில்லை. 'பிரஜாவுரிமை'க்கு விண்ணப்பித்திருந்தார்; விசாரணைக்கு வரும் உத்தியோகத்தர், இவர்கள் நிரந்தரமாக இருப்பவர்களா, மூட்டை கட்டுகிறவர்களா என்று அயலிலும் கேட்பாராம். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்காத நாட்கள் அவை.

மறுநாள் காலை, படத்தைப் பார்த்திருந்த பக்கத்து வீட்டுப் பூரணம் அக்கா வேலியடிக்கு வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் போகேக்க அந்த அம்மியை எனக்குத் தந்திட்டுப் போங்கோ. வேற ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"போறோம்னு யாரு அக்கா சொன்னது?" என்று கேட்டார் அம்மா.

"அதுதான் படத்திலையே காட்டினவங்கள்!"

பொழுது சாய்வதற்குள் அப்பா உட்காரும் கதிரைக்கு ஒருவர், ஆட்டுக்குட்டிக்கு இருவர் சொல்லிவைத்துவிட்டார்கள். எல்லாரும் பாசத்தோடுதான் கேட்டார்கள். ஒருத்தி அழவும் செய்தாள். அதுதான் அப்பாவை இன்னும் கலக்கியது. "இந்தப் பேச்சு உத்தியோகத்தர் காதுக்குப் போனா நம்ம கதி என்ன?" என்று முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

அம்மா அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு, கொல்லையில் கிடந்த அம்மியை வாசல் படலையடிக்கு இழுத்துப் போடச் சொன்னார். வழவழத்துப்போன அம்மியைக் கொத்திப் புதிதாக்குவது, இன்னும் பல வருடம் அதில் அரைக்கப்போகிறவர்கள் செய்கிற காரியம். "நல்லா ஆழமாக் கொத்துங்கண்ணே" என்று அம்மா சொல்லச் சொல்ல, உளிச் சத்தம் ஒழுங்கையிலிருந்த வீடுகளுக்கெல்லாம் கேட்டது.

பூரணம் அக்கா எட்டிப் பார்த்தார். "அப்ப நீங்கள் போகேல்லையோ?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. அப்ப நான் வந்து மிளகாய் அரைக்கலாமோ?"

உத்தியோகத்தர் வந்தபோது முதலில் நின்றது பூரணம் அக்காவின் படலையில்தான். நாங்கள் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

"இவையளோ? எங்க ஐயா போறது! இப்பதான் அம்மி கொத்தினவை. நேற்று நான் அரைச்ச சம்பல் முழுக்கக் கல்லு, பல்லெல்லாம் நறநறக்குது."

உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வர வருடங்கள் ஆயின, ஆனால் வந்தது. அப்பாவும் அம்மாவும் இந்த மண்ணிலேயே கண்மூடினார்கள்.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. கனடாவில் குடியேறிய என் மகன், தங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றிய படங்களை எனக்கு அனுப்புகிறான். விமான நிலையம், பனி, உணவகத்தில் கோப்பை கழுவும் தகப்பன். இதுவரை ஏழு படங்கள் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. மனம் கேளாமல் அவனிடம் கேட்டேன்:

"தம்பி, எப்ப திரும்பிப் போறியள் எண்டு உங்கட அயலார் கேக்கிறவையோ?"

"ஒருத்தரும் கேக்கிறேல்லை அப்பா. எங்கட பேரே அவைக்குத் தெரியாது" என்றான், எனக்கு நிம்மதி தருகிறவனைப் போல.

நாளைக்கு ஒருவர் வந்து விசாரித்தால் அங்கே உங்களுக்காக யார் பதில் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை.