சப்பாத்துக்கு ஒட்டிய டயர்

பரமலிங்கத்துக்கு ஜெயரூபன் மேல் ஒன்பது வருஷக் கோபம். காற்றுப் போன சைக்கிளை ஒருவன் உருட்டிக்கொண்டு வருகிறான். மருதனார்மடச் சந்தியில் சின்ன வயதுச் சிநேகிதன் பரமலிங்கத்தின் டயர் ஒட்டுக் கடை திறந்துதான் கிடக்கிறது. அவனோ தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டிப்போய், அடுத்த கடையில் சைக்கிளைச் சாத்துகிறான். ஒருநாள் என்றால் மறதி என்று விடலாம். ஒன்பது வருஷமும் மறதியா?

"உவனுக்கு நான் என்ன குறை வைச்சனான்?" என்று ட்யூபைத் தண்ணீருக்குள் அமுக்கியபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பரமலிங்கம் கேட்பான்.

ஜெயரூபன் நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரன். விடியப்புறம் தண்ணீர் இறைக்கிறதுக்கு முன்னம் ஓடுவான். வெறுங்காலோடு உரும்பிராய் வழியால் வந்து, ஆஞ்சநேயர் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி ஓடுவான். சித்திரை வருஷத்துக்கு ஊர்ச் சனசமூக நிலையம் வைக்கிற மரதன் ஓட்டத்தில், அது நடந்த வருஷம் ஒன்றையும் அவன் விட்டதில்லை. வென்றதும் இல்லை. ஒருமுறை மூன்றாவதாக வந்து ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் வாங்கினான். அதுவே அவனுக்குப் போதும்.

வாழைக்குலை ஏற்றி இறக்கியே அவனுடைய முதுகு பழுதானது. மானிப்பாயில் முதுகுக்குப் பயிற்சி கொடுக்கிற லவீனா என்ற பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஓடலாம் அண்ணை. ஆனா வெறுங்காலோடை இல்லை. அடி மெத்தையா, பாரமில்லாத சப்பாத்து வேணும். பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கேக்கை போட்டு, ஓடிப் பாத்து வாங்குங்கோ. இல்லாட்டி இந்தச் சித்திரையோடை ஓட்டத்தை மறந்திடுங்கோ."

ஓட்டத்தை மறப்பதா? அன்று பின்னேரமே கடையைச் சாத்திவிட்டு, பரமலிங்கம் அவனை யாழ்ப்பாண ரவுணுக்கு இழுத்துக்கொண்டு போனான். நாலு கடை ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு சப்பாத்தையும் பரமலிங்கம் முறுக்கினான், மடித்தான், அடியை நகத்தால் கீறினான்.

"அண்ணை, உது சப்பாத்து. லொறி டயர் இல்லை" என்றார் ஒரு கடைக்காரர்.

"எல்லாம் றப்பர்தானே ஐசே" என்றான் இவன்.

நாலாவது கடையில் ஒரு சாம்பல் நிறச் சோடி. ஜெயரூபன் அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே, சனத்துக்குள்ளால் அங்குமிங்கும் ஓடினான். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்துபோய்க் கிடந்தது.

"முதுகு கதைக்குதில்லை மச்சான்!"

அத்தோடு விட்டிருக்கலாம். பரமலிங்கத்தின் கை விடவில்லை. அடியை அமத்திப் பார்த்தான், பஞ்சுப் பாணைப்போல அமுங்கியது. எங்கள் கல்லு றோட்டுக்கு இது மூன்று மாதம் தாங்குமா? முப்பது வருஷம் தேய்ந்த டயரோடு சீவித்தவனுக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டத்துக்கு முதல்நாள், "சின்ன வேலை ஒண்டு கிடக்கு" என்று சப்பாத்தை வாங்கி, நல்ல மோட்டார் சைக்கிள் டயரில் அளவாக வெட்டி, அராவி, சொலூசன் பூசி, இரண்டு அடியிலும் ஒட்டினான். ஜெயரூபன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"நல்லாயிருக்கடா" என்றான். சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனான்.

மறுநாள் உரும்பிராயில் அவன் முதுகைப் பிடித்தபடி நடுறோட்டில் குந்திவிட்டான். ஓட்டோவில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஓடவில்லை. பழைய முதுகு சதி செய்துவிட்டது என்றே பரமலிங்கம் உட்பட எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாதத்தில் எழும்பிச் சைக்கிள் எடுத்தவன், அன்றிலிருந்துதான் கடையைத் தாண்டிப் போகத் தொடங்கினான்.

போன கார்த்திகையில் ஜெயரூபனின் மகள் தனுசியா கடை வாசலில் வந்து நின்றாள். "மாமா, அப்பா உங்களை ஒருக்கா வரட்டாம்."

நாலு ஏச்சு ஏசிவிட்டு வருவது என்றுதான் பரமலிங்கம் போனான். ஜெயரூபன் முதுகு திரும்பப் பிடித்து, பலகைக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். தேத்தண்ணீரோடு வந்த அவன் மனைவி உதயகலா முந்திக்கொண்டாள்.

"அண்ணை, கோவிக்கக் கூடாது. இந்த மனிசன் வாயே திறக்காது, நான் சொல்லுறன். உங்கடை டயர்தான் அண்டைக்கு இவரை றோட்டிலை இருத்தினது. மெத்தைக்குக் கீழை ஆர் கல்லைக் கட்டினது எண்டு லவீனாப் பிள்ளை கேட்டவ."

"சும்மா இரப்பா" என்றான் ஜெயரூபன்.

அவள் இருக்கவில்லை. அலுமாரிக்குள்ளிருந்து சப்பாத்தை எடுத்து வைத்தாள். மெத்தை மாவாய் உதிர்ந்திருந்தது. டயர் மட்டும் ஒரு விளிம்பு கிளம்பாமல் கிடந்தது. அப்படி ஒட்டியிருந்தான்.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீ ஆசையா ஒட்டினது. கடைக்கு வந்தா, சப்பாத்து எப்பிடி எண்டு கேப்பாய். உனக்கு முன்னாலை எனக்குப் பொய் வராது. அதுதான் சைக்கிளை உருட்டினனான்."

பரமலிங்கம் தேத்தண்ணீரைக் கீழே வைத்தான். ஊரெல்லாம் கேட்ட கேள்வியை இவனிடம் ஒருதரம் கேட்டிருந்தால் ஒன்பது வருஷம் போயிருக்காது. கேட்கவில்லையே. கடைக்குள் குந்திக்கொண்டு, தாண்டிப் போகிறவனைப் பார்த்து முறைக்கத்தானே தெரிந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளடா" என்று சொல்ல வாய் வந்தது. "உந்த வேலி இன்னும் இறுக்க வேணும்" என்று எதையோ சொல்லிவிட்டு எழும்பினான். பிறகு வந்து ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தான். மார்கழி மழையோடு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஜெயரூபன் இல்லை.

அந்தக் கார்த்திகை நாளில், எழும்பிப் படலை வாசலுக்குப் போன பரமலிங்கத்தை ஜெயரூபன் திரும்பக் கூப்பிட்டிருந்தான்.

"மச்சான், தனுசியா பள்ளிக்கூடத்திலை ஐயாயிரம் மீற்றர் ஓடுறாள். என்ரை முதுகுதான் அவளுக்கும். எனக்கு பஸ்ஸிலை இருக்க ஏலாது. ஒரு பின்னேரம் நீ கூட்டிக்கொண்டு போ. நாலு கடை எண்டாலும் ஏறி இறங்கு. ஓடிப் பாத்து, முதுகு கதைக்கேல்லை எண்டு அவள் சொன்னா வாங்கு. வாங்கி, அப்பிடியே குடு. ஒண்டும் ஒட்டாதை."