நித்யகலாவுக்குச் சோறு கொடுக்காத வீடு

புத்தளத்துத் தில்லையடியில் றம்லாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய குரல் தெரியாத பெண்கள் குறைவு. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏழு வயதுப் பிள்ளையாக மன்னாரிலிருந்து வந்தவள் அவள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, குசினியில் வெங்காயம் உரித்தபடியே, முதல் நாள் ஏழரை மணி நாடகத்தைப் பற்றிப் போனில் பேசி வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். புத்தளம், கற்பிட்டி, குவைத், சவூதி என்று நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"மாமியாரப் பாருங்க. சாகக் கிடக்கிறா, உதட்டுச் சாயம் மட்டும் கலையல்ல. எந்த ஆஸ்பத்திரி அது? நானும் போய்ப் படுக்கணும்."

இப்படித்தான் பேசுவாள். கேட்டவர்களில் மனம் விட்டுச் சிரித்தவள் சுல்பா. புத்தளத்தை அடுத்த கரைத்தீவுப் பிள்ளை, சவூதியில் தம்மாமில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தாள்; றம்லாவை அக்கா முறை வைத்து ராத்தா என்பாள். அவள் அனுப்பும் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் றம்லாவுக்கு அன்றைய வேலை ஓடும்.

2018ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் சுல்பாவின் குரல் மாறியது.

"ராத்தா, நித்யகலாவுக்கு மூணு நாளாச் சோறு குடுக்கல்ல. அதப் பத்தி நீங்க ஒண்டும் சொல்லல்லயே."

நித்யகலா நாடகத்தில் வரும் மருமகள். அந்த வாரம் அவள் புருஷனோடு ஊட்டிக்குப் போயிருந்தாள்.

"சுல்பா, அவ அங்க ஐஸ்கிறீம் தின்னுறா. நீ எந்த நாடகத்தப் பாத்துட்டு அழுவுறாய்?" என்று றம்லா பதில் போட்டாள். குழு முழுவதும் சிரித்தது.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது. "நித்யகலாட கையில கொதிதண்ணி ஊத்தினாங்களே. அத ஏன் ஒருத்தரும் கேக்கிறாங்க இல்ல?"

"சவூதி வெயில் இவட மண்டையில ஏறிட்டுது" என்றாள் றம்லா. அதற்கும் சிரித்தார்கள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாள் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றைக் காட்டினார்கள், நாடகமே போகவில்லை. யாருக்குப் பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்று குழுவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது சுல்பாவின் குரல் வந்தது.

"நேத்து நித்யகலாவ வேலை முடிஞ்சதும் அறையில போட்டுப் பூட்டிட்டாங்க. நேத்து நாடகத்தில பாத்தீங்கதானே, ராத்தா?"

றம்லா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். பதினொரு நாள் பதிவுகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு முற்றத்தில் நின்ற புருஷன் ஹுனைஸிடம் போனாள்.

"இஞ்சருங்க, அது நாடகமில்ல. அந்தப் பிள்ளை தன்னத்தான் சொல்லியிருக்கு."

அன்றே இருவரும் கரைத்தீவுக்குப் போனார்கள். சுல்பாவின் தாய் உம்மு குல்சூம், "என்னோட பேசக்குள்ள நல்லா இருக்கன் எண்டுதான் சொல்லுவா. பக்கத்தில ஆரோ நிண்டு கேட்டுட்டு இருக்கிற சத்தம் கேக்கும்" என்று சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். அனுப்பிவைத்த முகவரின் போன் வேலை செய்யவில்லை. மறுநாள், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் பற்றி முறைப்பாடு எடுக்கும் அலுவலகத்தில் ஒருவர் பதிவுகளைப் பொறுமையாகவே கேட்டார்.

"இது நாடகக் கதைதானே, நோனா. அவங்க வாயால சொல்லணும். அந்த வீட்டு விலாசமாவது வேணும்."

றம்லாவுக்கு வழி எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. மூன்றாம் நாள் காலை, தன்னிடம் இருந்த ஒரே கருவியை எடுத்தாள். சுல்பாவைத் தவிர மற்ற எல்லோருக்கும், யாரும் பதில் போட வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, வழக்கம்போல நாடகத்தைப் பேசினாள்.

"எனக்கு ஒண்டு மட்டும் விளங்கல்ல. நித்யகலா இருக்கிற வீடு எங்க இருக்கு? வாசல்ல நிண்டா என்ன தெரியும்? பாத்தவங்க சொல்லுங்க."

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. போனைக் கையை விட்டு இறக்காமல் திரிந்தாள். மூன்றாம் நாள் வந்தது, நான்கு விநாடி.

"ரெண்டு மினாராப் பள்ளி. டயர்க்கடை. நீலக் கேட்டு."

அதோடு அந்த இலக்கம் அணைந்துபோனது.

குழுவில் இருந்த நுஸ்ராவின் புருஷன் இன்ஷாப் தம்மாமில் லொறி ஓட்டினார். வேலையில்லாத வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் பள்ளிவாசலாகத் தேடினார். அந்த ஊரில் இரண்டு மினாரா வைத்த பள்ளிகளுக்குக் குறைவில்லை. மூன்றாவது வெள்ளிதான் நீலக் கேட்டைக் கண்டார். டயர்க்கடையில் விசாரித்தார். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் மாடியிலிருந்து குதித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பதினேழு நாளாகிறது என்றார்கள்.

பெயர் தெரியாத நோயாளியாகக் கிடந்த சுல்பாவை அவர் தேடிப்பிடித்துத் தூதரகத்துக்கு அறிவித்தார். இரண்டு மாதம் கழித்து அவள் ஊருக்கு வந்தாள். இடது கால் இழுத்தது. வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒட்டியிருந்தன.

றம்லா போய்ப் பார்த்தாள். சுல்பா கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"அங்க இன்னொரு பிள்ளை வேலைக்கு இருந்தா. தமிழ் அரைகுறையா விளங்கும். நான் பேசுறதெல்லாம் மேடத்துட்ட சொல்லுவா. நித்யகலா எண்டு சொன்னா மட்டும் நாடகம் எண்டு விட்டுருவா. காலையில குசினியில பத்து நிமிசம்தான் போன் தருவாங்க."

"எனக்கு விளங்கல்லடி, சுல்பா."

"நீங்க சிரிச்சத அவ பக்கத்தில நிண்டுதான் கேட்டேன். அவ என்ட முகத்தப் பாத்துட்டு நிண்டா. அதால நானும் சிரிச்சேன்." ஒட்டிய விரல்களை மடியில் மறைத்துக்கொண்டாள். "இண்டைக்கு விளங்கும், இண்டைக்கு விளங்கும் எண்டு பதினொரு நாள் இருந்தேன்."

றம்லாவால் மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் அந்தப் பிள்ளை பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும்.

அதற்குப் பிறகு அவள் நாடகம் பேசவில்லை. குழுவில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கற்பிட்டியில் ஒரு பெண் அந்த இடத்தை எடுத்துக்கொண்டாள்; அவளும் நன்றாகத்தான் பேசுகிறாள் என்று சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சுல்பாவோடு போய் இருப்பாள் றம்லா. ஒருநாள், விரல்களைப் பிரிக்க மறுபடியும் வெட்ட வேண்டும், அப்படி வெட்டினாலும் மடங்குமோ தெரியாது என்று டொக்டர் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சுல்பா, "வாற மாசம் பதினாலாந் திகதி வெட்டுறாங்களாம். நீங்க வரவேணுமெண்டில்ல" என்றாள்.

"வருவேன்" என்றாள் றம்லா.

சுல்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கரைத்தீவு பஸ் வந்ததும், படியில் ஏற இடது கையால் கம்பியைத் தேடினாள்.