செங்கொடிக்கு என்ன தெரியும்?

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் செங்கொடியின் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. தண்ணீர் லாரி வந்தால் குடங்களோடு அடித்துக்கொள்ளும் கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது அவள்தான். அந்தக் குரலை நம்பித்தான் உச்சிமாகாளி அவளைத் தன் திருவொற்றியூர் யார்டில் வேலைக்கு வைத்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரைலர் வண்டிகள் அவருடையவை. எந்த வண்டியை யார் எடுப்பது, எப்போது கிளப்புவது என்று பார்ப்பது செங்கொடியின் பொறுப்பு. டிரைவர் போனில் 'அக்கா' என்று இழுக்கிற தினுசிலேயே அவன் தூங்கினானா, குடித்தானா, பெண்டாட்டியோடு சண்டையா என்று அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

அந்த வேலையை அவள் இழந்தது டிரைவர் பீம்ராவினால்.

துறைமுகக் கேட் வரிசையில் இரண்டு ராத்திரி கண் விழித்துக் கிடந்துவிட்டு பீம்ராவ் யார்டுக்குள் வண்டியைத் திருப்பினான். அடுத்த லோடு தயாராக நின்றது.

"சார், அவன் கண்ணு சொருவுது. இப்போ வோணாம்" என்றாள் செங்கொடி.

"சரக்குப் பார்ட்டி கழுத்தப் பிடிக்கான். அனுப்பி விடு" என்றார் உச்சிமாகாளி.

"நான் அனுப்ப மாட்டேன் சார்."

உச்சிமாகாளி அவரே நடந்துபோய் பீம்ராவ் கையில் சாவியைத் திணித்தார். எண்ணூர் போகும் சாலையில் வண்டி நடுத்தடுப்பில் ஏறிக் கவிழ்ந்தது. பீம்ராவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது.

சரக்குக் கம்பெனியிலிருந்து கிருஷ்ணப்பன் என்கிற அதிகாரி ஆத்திரத்தோடு வந்து இறங்கினார். டிரைவர்கள் சுற்றி நிற்க, உச்சிமாகாளி கூசாமல் கையை நீட்டினார். "இந்தப் பொம்பளைதான் அனுப்பிச்சது. இவளுக்கு என்ன தெரியும், கத்தத்தான் தெரியும். இன்னைக்கே நிப்பாட்டியாச்சு."

செங்கொடி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். "வாயத் தொறந்து நெசத்த சொல்றா" என்றாள். பீம்ராவ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "அக்கா, ஆஸ்பத்திரி செலவு அவர்தான் பாத்துகினு கீறாரு." அவனைச் சபிக்கக்கூட அவளுக்கு நாக்கு எழவில்லை. சேர்த்து வைத்த சாபமெல்லாம் உச்சிமாகாளிக்கு.

அந்தச் சாலையில் எந்த யார்டு வாசலை மிதித்தாலும், "நீதானே டிரைவர சாவடிக்கப் பாத்தது?" என்றார்கள். வீட்டில் சும்மா கிடந்த நாட்களில் அவள் மனசு வேறு வேலை பார்த்தது. வண்டிச் சக்கரங்களில் ஆணி இறக்கலாம். டீசல் டாங்கில் சர்க்கரை கொட்டலாம். யோசிக்க யோசிக்க வயிற்றில் கஞ்சி இறங்கியதுபோல இதமாக இருந்தது.

பக்கத்து வீட்டு கௌசர் அவள் வாயாலேயே இதைக் கேட்டுப் பயந்து, சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வேலை வழிகாட்டி வகுப்புக்கு அவளை இழுத்துப் போனாள். நடத்தியது சுஜா. ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நாகர்கோவில் குடும்பத்துப் பெண். உச்சிமாகாளியும் தெற்கத்திக்காரர் என்பதால் செங்கொடிக்கு அவளைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என்ன நல்லா வரும்? அதைச் சொல்லுங்க" என்றாள் சுஜா. ஒருத்தி தையல் என்றாள், ஒருத்தி கம்ப்யூட்டர் என்றாள். செங்கொடியின் முறை வந்தது.

"என்னத் தொரத்துன ஒருத்தன கவுக்கணும். எனக்கு வேற இன்னாவும் வராது."

கூடம் சிரித்தது. சுஜா நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டாள்.

"சரி, கவுத்துருவோம். அதுக்கு உங்க கையில என்ன இருக்கு?"

செங்கொடி இதை எதிர்பார்க்கவில்லை. ஆணி, சர்க்கரை என்று ஆரம்பித்தாள். "அது யார் வேணும்னாலும் செய்யலாம். உங்களால மட்டும் முடியுறது எது?" என்றாள் சுஜா. செங்கொடி மெதுவாகச் சொன்னாள். "அவன் டிரைவருங்க என் பேச்சத்தான் கேப்பானுங்க. அவன் பேச்ச கேக்க மாட்டானுங்க."

"அவரைக் கவுக்குறதுக்காகக்கூட நீங்க செய்யவே மாட்டேன்னு ஏதாவது இருக்கா?"

"தூங்காதவன வண்டில ஏத்த மாட்டேன்." பதில் பட்டென்று வந்து விழுந்தது. சொல்லி முடித்தபோது குரல் உடைந்துவிட்டதில் செங்கொடிக்கே வெட்கமாக இருந்தது. சக்கரத்தில் ஆணி அடித்தாலும் கவிழப்போவது இன்னொரு பீம்ராவ்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் எண்ணூரில் சாபிராவின் யார்டுக்குப் போனாள். அப்பா விட்டுப்போன சில டிரைலர்களை வைத்துக்கொண்டு, டிரைவர் கிடைக்காமல் சாபிரா திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"உன்னப்பத்தி கலீஜா பேசிக்கிறாங்களே" என்றாள் சாபிரா.

"பேசட்டும். உன் வண்டிக்கு நான் ஆள் கொண்டாறேன். ஆனா தூக்கம் வர்துன்னு எவனாவது சொன்னான்னா தூங்க வுட்டுடணும். முழிச்சதும் அவன் ட்ரிப்ப அவனுக்கே குடுக்கணும். நீ குறுக்க வரக்கூடாது."

சாபிரா ஒத்துக்கொண்டாள். செங்கொடி போனை எடுத்தாள். யாரையும் கெஞ்சவில்லை, உச்சிமாகாளியைப் பற்றி ஒரு சொல் திட்டவும் இல்லை. "இங்க தூங்கிட்டு வண்டி எடுக்கலாண்டா" என்று மட்டும் சொன்னாள். முதலில் உச்சிமாகாளியின் டிரைவர் அன்பரசன் வந்தான். அவன் போய்ச் சொல்ல, ஒவ்வொருவராகக் கழன்று வந்தார்கள். ஏற்றுமதி சூடுபிடித்த மாதத்தில் உச்சிமாகாளியின் டிரைலர்கள் ஓட்ட ஆளில்லாமல் யார்டிலேயே தூசி பிடித்து நின்றன. பஸ்ஸில் போகும்போது அவற்றைப் பார்ப்பதற்காகவே செங்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கடைசியில் உச்சிமாகாளியே சாபிராவின் யார்டுக்கு வந்தார். கிருஷ்ணப்பனின் சரக்கு கப்பலைத் தவறவிடும் நிலையில் இருந்தது. சாபிரா செங்கொடியைக் கை காட்டினாள். அவரை வெயிலில் நிற்கவைத்துவிட்டு, செங்கொடி கிளம்பவேண்டிய வண்டிகளையெல்லாம் நிதானமாக அனுப்பி முடித்தாள்.

"பழசையெல்லாம் மனசுல வைக்கலாமா தாயி? வண்டி ஓட்ட ஆள் குடு."

"தர்றேன். அந்த ஆபீசர் சாருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. அன்னிக்கு பீம்ராவ் கைல சாவி குடுத்தது யாருன்னு சொல்லு."

டிரைவர்கள் வட்டமாக வந்து நின்றார்கள். உச்சிமாகாளி அவர்களைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு போனைப் போட்டார். "சார்... அன்னைக்கு அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் அனுப்பிச்சேன்."

"இன்னொரு தபா சொல்லு. காதுல வுழல."

சொன்னார்.

கொடுத்த வாக்குப்படி வண்டிகள் போயின, சரக்கு கப்பலேறியது. அடுத்த வாரமே கிருஷ்ணப்பன் தன் லோடு முழுவதையும் சாபிராவுக்கு மாற்றிவிட்டார். இது நடக்கும் என்று செங்கொடிக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் போனைப் போடச் சொன்னாள். உச்சிமாகாளி யார்டை விற்றுவிட்டு ஊருக்குப் போனார் என்ற செய்தி வந்த அன்று, டிரைவர்களுக்கெல்லாம் அவள் பிரியாணி வாங்கிப் போட்டாள். பீம்ராவுக்கும் ஒரு பொட்டலம் போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தது அன்பரசன். அவளாகப் போய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சுஜா கேள்விப்பட்டு ஒருநாள் எண்ணூருக்கு வந்தாள். "இப்பவாவது மனசு ஆறுச்சா அக்கா?" என்றாள்.

"ஆறல. ஆனா வேல கீது" என்றாள் செங்கொடி. அதற்குள் போன் அடித்தது. எடுத்து, எதிர்முனைக் குரலை ஒரு நொடி கேட்டவள் அதட்டினாள்: "டேய், ஓரங்கட்டு. மொதல்ல தூங்கு."