மோசஸுக்கு நினைவு ஆராதனை: மாமல்லபுரம் கரையில் மூன்று நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போக நினைப்பவர்கள் கோயில், துணிக்கடை, மருத்துவமனை என்று விவரம் கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். இது அப்படிப்பட்ட பயணமல்ல. போர்க்காலத்தில் ஒன்பது வருடம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், தேவாலயத்தின் பின்னால் ஓர் அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அந்தச் சபையின் போதகர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் மகன் மோசஸ் கடலுக்குப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. அவன் கிடைக்கவில்லை. நினைவு ஆராதனைக்கு அக்கா சம்மதிக்கவில்லை.

"நீங்க சொன்னா கேப்பாங்கம்மா. உங்க தம்பி விஷயம் அவங்களுக்குத் தெரியுமே" என்றார் போதகர். என் தம்பி எங்களோடு வராமல் ஊரிலேயே தங்கி, போரின் கடைசியில் காணாமல் போனவன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். விமானம் ஒன்றேகால் மணி நேரம். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம். செங்கல்பட்டுக்குப் பதினைந்து ரூபாய்க்குள்தான் டிக்கெட். 2.50 வண்டியில் கூடுவாஞ்சேரி வரை நின்றுகொண்டு போனேன், பிறகு இடம் கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கடைசி நாலு கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"சர்ச்சுக்கா? கடலு அரிச்சிக்கினு கீதுமா அங்க. ரோடு பாதிதான் கீது, எறங்கி நடந்துக்க" என்றார் ஓட்டுநர். உண்மைதான். நான் இருந்தபோது தேவாலயத்துக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அதற்கப்பால் தண்ணீர்.

எஸ்தர் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார், அழவில்லை. இரவுச் சாப்பாட்டில் மோசஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவன் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார் என்று மட்டும் சொன்னார். "நம்பரு செத்துடக் கூடாதில்ல?"

சனிக்கிழமை காலை, மீன் கழுவிக்கொண்டே அவராகக் கேட்டார்.

"பாஸ்டர்தான உன்ன அனுப்சாரு?"

"ஓம் அக்கா."

"நீ உன் தம்பிக்கு வெச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "அம்மா இருக்கும்வரைக்கும் வைக்கேல்லை. அவ விடேல்லை. அவ செத்து மூண்டு மாசத்தில வைச்சம்."

"அம்மா இல்லாமயா?"

"ஓம். அவனுக்காக அழ அங்க நான் மட்டும்தான் இருந்தன்."

அக்கா தண்ணீரைக் கொட்டிவிட்டு, சட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நான் உசுரோட இருக்கும்போதே வெச்சிடச் சொல்லு" என்றார்.

இதற்காகத்தான் வந்தேன். ஆனால் அவர் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு எட்டரைக்கு ஆராதனை. நாற்பது பேர்கூட இல்லை. வீடு போனவர்கள் செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி என்று போய்விட்டார்கள். போதகர், "நம்முடைய சகோதரன் மோசஸ்..." என்று தொடங்கியதும் அக்கா எழுந்து நின்றார். வெளியே போய்விடுவார் என்றே நினைத்தோம்.

"முழுப் பேரு சொல்லுங்க பாஸ்டர்."

"மோசஸ் ஆசீர்வாதம்" என்றார் போதகர். அக்கா உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார். என் தோளில் சாயவில்லை; முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திங்கள் காலை விமானம் என்பதால் ஞாயிறு மாலையே கிளம்ப வேண்டியிருந்தது. ரோடு முடியும் இடம் வரை அவர் வந்தார்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். விசாவை இணையத்திலேயே எடுக்கலாம். எனக்கு நாலு நாளில் வந்தது. குப்பத்தில் விடுதி கிடையாது, மாமல்லபுரத்தில்தான் தங்க வேண்டும். மாலை ஆறுக்குப் பிறகு ஆட்டோ கிடைப்பது அரிது. முக்கியமாக, இப்படி ஒரு காரியத்துக்குப் போனால் திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாளாவது தள்ளிப் போடுங்கள். ஆராதனை முடிந்த மறுநாள்தான் நாம் அவர்களுக்குத் தேவைப்படுகிறோம். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பலாலி விமான நிலையத்தில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்தபோது அக்காவிடமிருந்து ஏழு அழைப்புகள். திருப்பி அழைத்தேன்.

"ஒண்ணுமில்லடி, சும்மாதான். வந்தவங்க எல்லாரும் பூட்டாங்க. வூட்ல நான் மட்டும் கீறேன்."